அட்டையை விடுங்கள், உண்ணியைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மழை பிடித்ததிலிருந்து என்னிடம் வரும் புகார் பாதிக்கு மேல் அட்டையைப் பற்றித்தான், வரும் வழியில் கடித்துவிட்டது, வெள்ளை சாக்ஸ் எல்லாம் ரத்தம், பாதையைச் சுத்தம் செய்யுங்கள் என்று. புல்லை வெட்டச் சொல்லியிருக்கிறேன், சரி. ஆனால் கூடலூர்ப் பக்கத்துக்கு அட்டை புதிதா என்ன? நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பினால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள், போதும்.

என் கவலை உண்ணிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்ததே பெரும்பாலும் தெரியாது. பத்து நாள் போல கழித்துத்தான் காய்ச்சலும் தலைவலியும் வரும். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதுவும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு நாடா இறுகும் இடம், காதுக்குப் பின்னால் என்று யாரும் பார்க்காத இடமாக. வலிக்காததால் பிள்ளைகள் சொல்வதில்லை, பெரிய பிள்ளைகளுக்குக் காட்ட வெட்கம் வேறு. காய்ச்சல் என்றால் அம்மாவோ பாட்டியோ தனியாக அழைத்துப் பாருங்கள். பொருக்கு இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள், இல்லாவிட்டாலும் தேயிலைக்குள்ளோ புதருக்குள்ளோ போன விஷயத்தைச் சொல்லுங்கள். இதற்குச் சாதாரண மாத்திரையே இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் ஓட்டினால்தான் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

அப்புறம், துவைத்த துணியைச் செடி மேலும் புல் மேலும் காயப்போடாதீர்கள், கொடி கட்டுங்கள். விறகு அடுக்கிய இடத்தில் எலி இருந்தால் உண்ணியும் இருக்கும். தோட்ட வேலை முடித்து வந்ததும் நீங்களும் குளித்துத் துணி மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

கொசுவுக்கு வருகிறேன். குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உள்ளே சுருள் கொளுத்தி வைக்கும் பழக்கம் இங்கே அதிகம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மூடிய லைன் வீட்டில் அதைப் பிள்ளை விடியும்வரை சுவாசிக்கிறது. வலை கட்டுங்கள், பழைய சேலையில் தைத்தாலும் பரவாயில்லை. நம்மூர் யூகலிப்டஸ் தைலம் பூசினால் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அந்தப் பாட்டிலைச் சின்னப் பிள்ளைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது, கொஞ்சம் குடித்தாலும் வலிப்பு வரலாம்.

டெங்குக் கொசு கடிப்பது பகலில். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் கொட்டினால் பலன் இல்லை.

மழை முடியும்வரை யூனிஃபார்மில் கண்டிப்பு இல்லை, முழுக்கை, முழுக்கால் உடை எந்த நிறத்தில் இருந்தாலும் அனுப்புங்கள். காய்ச்சலில் லீவு போட்டால் கடிதம் வேண்டாம், வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்