கொழும்பு நேரத்தில் ஒரு சிங்கப்பூர் நாள்

வெள்ளவத்தை,
ஜூன் 14.

அன்பின் மதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நாளுக்கு நாலு தரம் கதைத்தாலும், தபால்காரர் தருகிற உறையில் உன் கையெழுத்தைப் பார்ப்பது வேறுதான். ஹொஸ்டலில் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து எழுதி எறிவாயே, அந்த நாளில் இருந்து உன் ‘ழ’ மாறவேயில்லை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மழை தொடங்கினால் முழங்கால் நோகிறது; வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. போன கிழமை பெய்த மழைக்கு எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வர மறுத்துவிட்டது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆடிவேல் வருகிறது, மகன் போன வருடம் பார்த்த தேரை இப்போதும் கீறிக்கொண்டிருக்கிறான், சில்லு மட்டும் பஸ் சில்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறைக்குச் சிங்கப்பூர், அதில் ஒரு நாள் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க் என்று எழுதியிருந்தாய். கூடவே சின்னவளுக்குக் காட்ட வேண்டியவை என்று பதினான்கு பெயர்கள், இலக்கமிட்டு, அடிக்கோடிட்டு. டீச்சர் புத்தி எங்கே போகும்! போன வருடம் நானும் இப்படியொரு பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன் என்பதால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

எங்கள் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பார்த்தது படங்களை மட்டும். நள்ளிரவு கழியக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறினோம். நாலு மணித்தியாலப் பயணம், விடியச் சாங்கி. அறை பின்னேரம்தான் தருவார்கள், அதுவரை சும்மா இருப்பானேன், நேரே பார்க்குக்குப் போவோம் என்று இவர் சொன்னார். எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. டிக்கெட்டையும் அந்தத் திகதிக்கே எடுத்திருந்தோம். சிராங்கூன் வீதி ஹோட்டலில் பெட்டிகளை வைத்து, முகம் கழுவி, ஆளுக்கு ஒரு தோசையோடு புறப்பட்டாயிற்று. மகன் பிளேனில் கொண்ட நித்திரை மொத்தம் ஒன்றரை மணித்தியாலம்.

பதினொன்றரைக்கே அழத் தொடங்கிவிட்டான். வேடம் போட்ட ஒரு உருவம் கிட்ட வந்து கை நீட்ட, என் சட்டைக்குள் தலையைப் புதைத்தவன்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூலையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைத்தான். பெரியவருக்கு டிக்கெட் 80 டொலருக்கு மேல். இவர் அதை ரூபாவாக்கி, ஏறிய ரைட்டுகளால் பிரித்துக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. “இன்னும் இரண்டுதான் ஏறியிருக்கிறோம்” என்றார். “அவன் பிள்ளை, மீட்டர் இல்லை” என்றேன் நான். அந்தச் செயற்கைக் குளத்தங்கரையில், அத்தனை சனத்துக்கு நடுவில், வீட்டில் கூடச் சண்டை பிடிக்காத சத்தத்தில் சண்டை பிடித்தோம். நல்ல காலம், தமிழில். ஆனால் அது சிங்கப்பூர் என்பது பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி சிரித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. இடி மின்னல் என்றால் திறந்த வெளியில் ஓடுகிற ரைட்டுகளை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் வாசல் பக்கத்து ஹொலிவுட் தெருவுக்கு ஓடினோம்; அங்கே தெருவுக்கு மேலேயே கூரை. மூன்றரைக்கு மகன் தள்ளுவண்டியில் நித்திரையாகிவிட்டான். என் சால்வையை மேலே விரித்துவிட்டு, பக்கத்தில் சுவரோடு குந்தியிருந்து இரண்டு பேரும் கோப்பி குடித்தோம். இரண்டு மணித்தியாலம். டொலர் கணக்குச் செய்து களைத்து, இவரும் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

ஐந்தரைக்கு எழும்பினானே, வேறு பிள்ளை! மழை விட்டிருந்தது, சனம் பாதி போயிருந்தது. நியூயோர்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ரைட் இருக்கிறது. உள்ளுக்குள்ளேயே மெதுவாக ஓடும். ஸ்பகெட்டியைத் திருடிக்கொண்டு போகிறவனைத் துரத்த வேண்டும். “இடியப்பத்தை ஏன் அம்மா களவெடுத்தவன்?” என்று கேட்டுக் கேட்டு மூன்று தரம் ஏறினான். பிறகு பழைய எகிப்துப் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கான ஜீப். ஸ்டியரிங்கைப் பிடித்தவன், அந்த மணலுக்கும் சிலைகளுக்கும் நடுவில் உடம்பை வெளியே சரித்து, “கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ!” என்று கத்தத் தொடங்கிவிட்டான். “கோட்டை, கோட்டை” என்று சிங்களத்தில் கூவி ஆள் ஏற்றுகிற நம் 100 ஆம் இலக்கப் பஸ் கண்டக்டரேதான். இவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அன்று எடுத்த படங்களில் நான் இப்போதும் திறந்து பார்ப்பது அது ஒன்றைத்தான்.

ஆக, காலையில் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிள்ளையும் காரணமில்லை, அந்த இடமும் காரணமில்லை. நேரம்தான். அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. போனவுடன் பிள்ளையை அந்த நேரத்துக்குப் பழக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு அது வீண் வேலை. உன் கைக்கடிகாரத்தை மாற்று, மகளை மாற்றாதே. உங்கள் வீட்டில் விடிய ஐந்தரைக்கே விளக்கு எரியும். அங்கே அது எட்டு மணி. பார்க் பத்துக்குத் திறக்கும்போது வாசலில் நிற்க அது போதும். மதியம் ஒரு மணிக்குச் சோறு தின்று படுப்பாள் என்றாய் அல்லவா? அங்கே அது மூன்றரை, வெயிலும் இடியும் மாறி மாறி வருகிற நேரம். அந்த நேரத்தில் தூங்கினால் நட்டம் ஒன்றுமில்லை. இரவு எட்டரைக்குப் படுக்கிறவளுக்கு அங்கே பதினொரு மணி வரை கண் மூடாது. பார்க்கைப் பெரும்பாலும் மாலை ஏழோடு மூடிவிடுவார்கள் (நாளுக்கு நாள் மாறும், பார்த்துக்கொள்). கடைசி நிமிடம் வரை அவள் துள்ளிக்கொண்டுதான் இருப்பாள்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை: முதல் நாள் இரவு ஒழுங்கான கட்டிலில் படுத்திருக்க வேண்டும். இறங்கிய நாளே பார்க் வேண்டாம்.

அடுத்தது உயரம். அளவு நாடாவை எடுத்துச் சுவரோடு நிற்கவைத்துப் பார்; பட்டியல் தானாகவே சுருங்கும். 92 சென்டிமீட்டர் இருந்தால் கனொபி ஃப்ளையரும் என்சாண்டட் எயர்வேய்ஸும் ஏறலாம். டிரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைட்டுக்கு 107, மம்மிக்கு 122, நீலமும் சிவப்புமான அந்த இரண்டு பெரிய ரோலர் கோஸ்டருக்கும் 125. மகள் 96 என்றாய். உன் பதினான்கில் ஐந்து இப்போதே போயிற்று. அழாதே, அவளுக்கு அது தெரியப்போவதில்லை. உன் அவருக்கு டிரான்ஸ்ஃபோமர்ஸ் ஆசை என்றால் வாசலில் நிற்கிற பணியாளரிடம் கேளுங்கள்: ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு நிற்கலாம், பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமல் ஆள் மாறலாம். கனொபி ஃப்ளையரில் ஒரு தரத்துக்குக் கொஞ்சப் பேரைத்தான் ஏற்றுகிறார்கள், வரிசை நகரவே நகராது. வேண்டுமென்றால் காலையில் முதல் வேலையாகப் போ, இல்லாவிட்டால் மறந்துவிடு.

கூடுதல் காசு கட்டி வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது மிச்சப்படுத்துவது பெரும்பாலும் பெரியவர்கள் ஏறுகிற ரைட்டுகளின் நேரத்தை. அதைவிட, 2022 இல் பெற்றோலுக்கு இரவிரவாகக் கிடந்த நமக்கு நாற்பது நிமிடம் ஒரு வரிசையா? பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பயிற்சி இல்லை. மகளுக்கு நாலு வயது செப்டெம்பரில்தானே? நாலுக்குக் கீழே டிக்கெட் இல்லை. பாஸ்போட்டைக் கையில் வைத்திரு.

நாள் தெரிவதில் உனக்கு அதிர்ஷ்டம். நமக்கு ஆகஸ்ட் லீவு, அங்கே அப்போது பள்ளிக்கூடம் நடக்கும். அவர்களுடைய நீண்ட லீவு ஜூனிலும் வருடக் கடைசியிலும். ஆகவே ஒரு செவ்வாய் புதன் பார். ஆகஸ்ட் 9 அவர்களின் தேசிய தினம், அந்தப் பக்கம் தலை வைக்காதே.

லிட்டில் இந்தியாவில் தங்குவதாக எழுதியிருக்கிறாய், நல்லது. அங்கிருந்து ஊதா நிற ரயிலில் மாறாமல் ஹாபர்ஃப்ரண்ட் வரை போகலாம். அது கடைசி நிலையம். மேலே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் செந்தோசா தீவுக்குப் போகிற ரயில், ஆளுக்கு 4 டொலர், திரும்பி வரக் காசில்லை. முதல் தரிப்பில் இறங்கினால் சுற்றுகிற பெரிய உலக உருண்டை தெரியும். அதற்கு முன்னால் படம் எடுக்க டிக்கெட்டும் வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையப் பெயர்ப்பலகையில் தமிழைக் கண்டு நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். பிழையில்லாத தமிழ்! இங்கே பஸ் பலகைகளில் நம் மொழி படுகிற பாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணல்லவா.

உள்ளே மூன்றே மூன்றைத் தெரிந்துகொள். பத்து மணிக்கு ஒன்று; நான் என்றால் மினியன் லாண்டில் தொடங்குவேன், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், நேரம் போகப் போக அங்கே சனம் கூடும். மதியத்துக்கு முன் ஷ்ரெக் கோட்டைப் பக்கம், அங்கே கட்டடத்துக்குள்ளேயே ஒரு குட்டி இராட்டினமும் உண்டு. மதியத் தூக்கத்தால் எழும்பிய பிறகு செசமி ஸ்ட்ரீட். இவற்றுக்கு மேலே கிடைப்பதெல்லாம் இலாபம். ஒன்றையே மூன்று தரம் கேட்டால் ஏற்று. நான்காவது பெயரை வெட்டு. தள்ளுவண்டியை வாசலிலேயே வாடகைக்கு எடுக்கலாம், நடக்கிறவள்தானே என்று விட்டுவிடாதே. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர்ப் போத்தல் பரவாயில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயப்படாதே. ஒத்திகை ஒன்று பார்த்தால் தெளிவு வரும். போன வெசாக் பண்டிகைக்கு மகனைக் கங்காராம விகாரைப் பக்கம் வெளிச்சக்கூடு பார்க்கக் கொண்டுபோனோம். வெளிச்சம், சனம், இலவசச் சாப்பாடு தருகிற தன்சல் வரிசை, எல்லாம் அதே மாதிரி. ஒரு மணியும் பத்து நிமிடமும் தாங்கினான், அதற்கு மேல் ஐஸ்கிரீமுக்கும் மசியவில்லை. இந்த அளவைப் போன வருடமே எடுத்திருந்தால் அந்தச் சண்டை நடந்திருக்காது. உனக்கு நல்லூர்த் திருவிழாவை விடப் பெரிய பரீட்சை மண்டபம் எது? முதல் நாட்களிலேயே ஒரு மாலை நேரம் கூட்டிப்போய், எத்தனை நிமிடத்தில் “தூக்கு அம்மா” வருகிறது என்று கடிகாரத்தைப் பார்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கையோடு கட்டுநாயக்கா போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடு. இரண்டு நாள் முன்னதாகவே வா. எங்கள் சமையலறைக் கதவு நிலையில் மகனின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மகளையும் அதில் நிறுத்தி அளப்போம். அவனுடைய மழைச்சட்டை சின்னதாகிவிட்டது, அவளுக்குச் சரியாக இருக்கும். அம்மாவும் நீ வருவாய் என்று இப்போதே மா வறுக்கச் சொல்கிறா.

வரும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருந்தால் நாலு கொண்டு வா. பெயரில் கொழும்பு இருந்து என்ன, இங்கே அந்த ருசி கிடைப்பதில்லை.

அன்புடன்,
உன் கௌரி

பி.கு. உன் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்புப் பேனையால் வெட்டியதற்குக் கோபிக்காதே, டீச்சர்.