ஏழாவது மாடிப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிடு

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "புனேவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சும்மா, எனக்குன்னு பேச ஒருத்தி இல்ல" என்றாய். உடனே, "இந்த வயசுல போய் யாரு ஃபிரெண்டு பிடிப்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு குறையும் இல்லை, கண்ணு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உட்கார வைத்த பெஞ்சில் ஒருத்தி கிடைத்தாள், ஹாஸ்டலில் வார்டன் ஒதுக்கிய அறையில் இரண்டு பேர் கிடைத்தார்கள். நீ எங்கேயும் தேடிப் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி உட்கார வைக்க யாரும் இல்லை. உன் அப்பாவுக்குப் பள்ளித் தோழர்கள் இன்றும் இதே ஊரில், இதே டீக்கடையில் இருக்கிறார்கள். எனக்கு ஊர் மாறியது, இனிஷியல்கூட மாறியது. என்னோடு படித்தவர்களை ஃபேஸ்புக்கில் தேடினால், எந்தப் பெயரில் எந்த இனிஷியலோடு இருக்கிறார்களோ, கண்டுபிடிக்கவே முடியவில்லை.

என் தோழிகள் எல்லாரும் முப்பது வயசுக்கு மேல் கிடைத்தவர்கள். செங்கல்பட்டு – பீச் லோக்கலில், பெண்கள் பெட்டியில். வண்டி இங்கிருந்து கிளம்புவதால் நான்தான் சீட் பிடித்து வைப்பேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒருத்தி ஏறுவாள், மறைமலைநகரில் ஒருத்தி, கூடுவாஞ்சேரியில் அக்கா. ஆளை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். காலையில் பூ கட்டுவோம், சாயங்காலம் கீரை ஆய்வோம். மாமியார், பி.எஃப். லோன், பிள்ளைகளின் மார்க் என்று பேசாத பேச்சில்லை. ஆயுத பூஜைக்குப் பெட்டியில் தோரணம் கட்டினோம். இரண்டு பேருக்கு ஓடுகிற வண்டியிலேயே வளையல் அடுக்கினோம்.

மறைமலைநகர்காரிக்குப் புருஷன் விபத்தில் போனபோது உனக்கு விவரம் தெரியாத வயசு. காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, வெறும் தலையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அக்கா எப்போதும் போலப் பூவைக் கிள்ளி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, அவள் முறை வந்ததும் அவள் தலையிலும் வைத்துவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொந்தக்காரர்களில் ஒருத்தருக்கும் வராத தைரியம் அது. அன்றிலிருந்து இன்று வரை அவள் பூ வைத்துக்கொள்கிறாள்.

இதற்கெல்லாம் எங்களுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. நேரம் இருந்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் செய்து 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். புது ஊருக்குக் குடிபோனவர்களைக் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார். முகம் தெரிந்தவர் ஓரளவு பழக்கமாவதற்குச் சுமார் 50 மணி நேரம், நட்பாவதற்குச் சுமார் 90, நெருங்கிய நட்பாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். சேர்ந்து வேலை பார்க்கிற நேரம் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்றும் இருந்தது. எங்களுக்குப் போக வர தினம் மூன்று மணி நேரம் என்றால், மூன்று மாதத்தில் இருநூறு வந்துவிடும். நீயோ நாள் முழுக்க வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேசுகிறாய். டீமில் எத்தனை பேர் இருந்தும் ஒருத்தியும் ஒட்டவில்லை என்று வருத்தப்பட்டாயே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் வீட்டுப் பெண்கள் நல்லவர்கள்தான். போ, வா, சிரித்துப் பேசு. ஆனால் மாப்பிள்ளைமேல் கோபம் வருகிற அன்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ராத்திரிக்குள் அவர் காதுக்குப் போய்விடும். உனக்கென்று ஒருத்தி வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

லிஃப்ட்டில் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளே, ஏழாவது மாடிப் பெண், அவளிடம் ஆரம்பி. நவராத்திரி வருகிறது. மூன்று படி வைத்துக் கொலு வை, போதும். பொம்மை கம்மியாக இருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? சுண்டல் செய்து அந்த ஃப்ளோரில் இருக்கிற பெண்களையும் கூப்பிடு. அங்கேயும் நவராத்திரியில் பெண்கள் கூடி போண்ட்லா வைப்பார்களே. நடுவில் யானைப் படத்தை வைத்துச் சுற்றிவந்து பாடிவிட்டு, மூடி வைத்த டப்பாவை ஆட்டிப் பார்த்து உள்ளே என்ன பிரசாதம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கூப்பிட்டால் கட்டாயம் போ. மராத்தி வராது என்று கூச்சப்படாதே, கை தட்டத் தெரிந்தால் போதும். தை பிறந்ததிலிருந்து ரத சப்தமி வரை வீட்டுக்கு வீடு ஹல்தி குங்கு, அதாவது பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம், வைத்து எள்ளுருண்டை கொடுப்பார்கள். இந்த வருஷம் ஆபீஸ் வேலை என்று நீ போகவில்லை. அடுத்த ஜனவரியில் ஒரு நாள் லீவு போடு.

ஒன்று மட்டும் மனசில் வை. கணவரை இழந்த பெண்ணை மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடாத வழக்கம் இங்கே மாதிரி அங்கேயும் உண்டு. உன் வீட்டில் அது வேண்டாம். கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமத்தில், புருஷன் இறந்தால் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது எல்லாம் கூடாது என்று 2022 மே மாதம் ஊராட்சியே தீர்மானம் போட்டார்கள். ஒரு கிராமத்தால் முடிந்திருக்கிறது. உன் வரவேற்பறையில் முடியாதா?

பழகிய பிறகு விட்டுவிடாமல் இருப்பதுதான் கஷ்டம். நாங்கள் ஒவ்வொருத்தராக ரிட்டயர் ஆனதும் பார்க்கவே காரணம் இல்லாமல் போனது. அக்காதான் சீட்டு ஆரம்பித்தாள். சின்னத் தொகைதான், லாபத்துக்கு இல்லை. மாதம் ஒருத்தி வீட்டில் குலுக்கல், பணம் கட்டியாக வேண்டும் என்பதால் எல்லாரும் வந்துவிடுகிறோம். அங்கே அதையே பிஷி என்கிறார்கள். உன் அபார்ட்மெண்டிலும் இருக்கும், விசாரி. தேதி குறிக்காமல் "ஒரு நாள் பார்க்கலாம்" என்றால் அந்த நாள் வரவே வராது.

உதவி கேள். கறிவேப்பிலை இல்லை என்றால் உடனே ஆப்பில் ஆர்டர் போடாதே, போய்க் கதவைத் தட்டு. நீ கேட்டால்தான் அவளும் நாளைக்கு உன்னிடம் கேட்பாள். பெரிய தொகை கடன் மட்டும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஒரு நல்ல சிநேகிதம் அதில்தான் அறுந்தது. அப்படி விலகிப் போனவள் பெயரை எடுத்தால் அக்கா இப்போதும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சண்டை வந்தால் வாட்ஸ்அப்பில் பதில் எழுதாதே, நேரில் போ. ஆனால் உன் பிள்ளை இன்னும் பேசவில்லையா, நடக்கவில்லையா என்று பார்க்கும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பேசுகிறவள் இருந்தால் அவளை விட்டுவிடு. உன் நேரம் அவளுக்கு வேண்டாம்.

சுண்டலுக்கு இங்கிருந்து கொண்டைக்கடலையும் மொச்சையும் பார்சல் போட்டிருக்கிறேன். கூடவே உன் பாட்டியின் மரப்பாச்சி ஜோடியும் வருகிறது. மொச்சையை முதல் நாள் ராத்திரியே ஊறவை. குக்கரில் நாலு விசில் விடு. எத்தனை பேரைக் கூப்பிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பேன்.

அன்புடன்,
அம்மா