எந்த வரியில் இருக்கிறது?

வூஹான்
10.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வடகம் காயப்போட நீங்கள்தான் ஏற வேண்டும்.

போனில் பேசும்போதெல்லாம் "ஞாயிற்றுக்கிழமை என்னம்மா செய்வாய்?" என்று கேட்பீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை. நேற்றோடு அவளுடைய பரீட்சை எல்லாம் முடிந்தது. இன்று டிராகன் படகுத் திருநாள் என்பதால் ஆய்வகமும் விடுமுறை. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். எதிர்வீடு, வயது 18. அவள் அம்மாவை 'ஆயி' என்கிறேன். இங்கே சின்னம்மா, அத்தை வயதில் இருக்கும் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். முதன்முதலில் அந்தச் சொல்லைக் காதில் கேட்டபோது நம் ஊர்த் தெருவில் நிற்பது போலிருந்தது. நான் நெல் ஆராய்ச்சிக்கு வந்தவள், ஆங்கில ஆசிரியை இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "உன் அப்பா ஆங்கில வாத்தியார் என்றாயே, அது போதும்" என்று ஆயி முடித்துவிட்டார். ஆக, இது உங்களால் வந்த வேலை.

அந்தப் பரீட்சைக்குக் காவ்காவ் என்று பெயர். நம் ஊரில் பிளஸ் டூ, நீட், ஜேஇஇ என்று பிரிந்து கிடப்பது இங்கே ஒரே பரீட்சை. இந்த ஆண்டு பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்தம் 750 மதிப்பெண். அதில் அயல்மொழிக்கு 150. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஆங்கிலம்தான். சீனமொழிக்கும் கணக்குக்கும் அதே 150 என்றால் அதன் கனம் உங்களுக்குப் புரியும். "ஒரு மார்க் கூடினால் ஆயிரம் பேரைத் தாண்டலாம்" என்ற பொருளில் பிள்ளைகளிடையே ஒரு கோஷமே உண்டு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாப்பாவின் தாத்தா 1977 டிசம்பரில் பரீட்சை எழுதியவர். பத்தாண்டுகளுக்கு மேல் நின்றுபோயிருந்த நுழைவுத் தேர்வை அப்போதுதான் மறுபடி நடத்தினார்கள். எழுதியவர்கள் 57 லட்சம் பேர், இடம் கிடைத்தது ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவர் மண் ஒட்டிய காலோடு போய் எழுதினாராம். 1978இல் அயல்மொழித் தேர்வு வைத்தும் அந்த மதிப்பெண்ணைக் கூட்டலில் சேர்க்கவில்லை. 1979இல் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தார்கள், 1983இல்தான் முழுசாகச் சேர்ந்தது. "எனக்கு அந்தத் தொல்லை இல்லை, என் பேத்தி மாட்டிக்கொண்டாள்" என்று தாத்தா சிரிக்கிறார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் குட்மார்னிங் மட்டும். அதைச் சாயங்காலமும் சொல்வார்.

சரி, வினாத்தாளைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதானே வேண்டும். 120 நிமிடம். கேட்டு விடை சொல்லும் பகுதி, இலக்கணம், எழுதும் பகுதி எல்லாம் உண்டு. வாசித்துப் புரிதலுக்கு மட்டும் 50 மதிப்பெண். நான்கு பத்திகள், 15 கேள்விகள், கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். அப்புறம் ஐந்தாவதாக ஒரு பத்தி. அதில் ஐந்து இடங்களில் வாக்கியத்தை எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்திருப்பார்கள். எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு வாக்கியத்தின் கை அடுத்த வாக்கியத்தின் தோளில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்காமல் இதைப் போடவே முடியாது.

பத்தி எதுவும் பாடப்புத்தகத்திலிருந்து வராது அப்பா. ஒன்றுகூட. பிள்ளைகள் ஏறக்குறைய 3000 சொற்கள் படித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு வெளியே கடினமான சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனத்தில் பொருள் போட்டுவிடுகிறார்கள். சொல் தெரியாததற்காகப் பிள்ளை தோற்கக்கூடாது, புரியாததற்காகத்தான் தோற்க வேண்டும் என்ற எண்ணம் போலும். பாடப்புத்தகக் கட்டுரையைக் கமா, முற்றுப்புள்ளியோடு ஒப்பித்து நான் பிளஸ் டூவில் மார்க் வாங்கியபோது உங்கள் முகம் வாடியது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் இங்கேயும் பிள்ளைகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். முதல் ஞாயிறு பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று பார்த்தேன். பத்தியைத் தொடவே இல்லை. நேரே கேள்விக்குப் போனாள், அதில் ஒரு சொல்லை வட்டமிட்டாள், பத்தியில் அதே சொல்லைத் தேடினாள், கிடைத்த வரியோடு ஒத்துப்போகிற விடையில் கறுப்படித்தாள். ஏழு நிமிடம். பள்ளியில் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தந்த முறை. "பத்தி எதைப் பற்றி?" என்று கேட்டேன். விழித்தாள். நான்கு கேள்வியில் மூன்று சரி, பத்தி எதைப் பற்றி என்று தெரியாது! வினா தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியாதா என்ன? பத்தியில் உள்ள அதே சொற்களைப் போட்டுப் பொருளை மட்டும் திருப்பி ஒரு விடை வைப்பார்கள். உலகத்தில் உண்மையாக இருந்தும் பத்தியில் இல்லாத சங்கதியை இன்னொரு விடையாக வைப்பார்கள். சொல்லைத் தேடுகிற பிள்ளை முதலாவதில் விழும். பாப்பா போன்ற விஷயம் தெரிந்த பிள்ளை இரண்டாவதில் விழும்.

அப்போதுதான் என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது. "எந்த வரியில் இருக்கிறது? விரலை வை." நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்களைப் படுத்திய அதே கேள்வி. கேள்விகளை ஒரு தாளால் மூடிவிட்டு, முதலில் பத்தியை முழுவதும் படிக்கவைத்தேன். படித்ததைத் தன் மொழியில் இரண்டு வரி சொல்ல வேண்டும், அப்புறம்தான் கேள்வி. விடை சொன்னால் அதற்கு ஆதாரமான வரியில் விரல் வைக்க வேண்டும். விரல் வைக்க இடமில்லையென்றால் அந்த விடை இல்லை.

முதலில் மூன்று வாரம் படுமோசம். நேரம் போதவில்லை, பாப்பாவுக்குக் கோபம். ஆயி வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வரும் தேநீரில் சூடு குறைந்தது. பிள்ளையின் எதிர்காலத்தில் கைவைக்கிறோமே என்று எனக்கும் தூக்கமில்லை. இந்த ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று மாதிரித் தேர்வு உண்டு. பிப்ரவரியில் வாசிப்பில் நான்கு கேள்வி தப்பு, பத்து மதிப்பெண் போச்சு. ஏப்ரலில் ஒன்றுதான் தப்பு. அன்று ஆயி தாமரைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்தார், எனக்காக இறைச்சி சேர்க்காமல்.

ஆயியின் பயத்தை நான் தப்பாக நினைக்கவில்லை. 2018 நவம்பரில் ஜெஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத் தேர்வு கடினமாக இருந்தது என்று சொல்லி, வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டார்கள். பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். டிசம்பரில் மாகாண அரசு விசாரித்து, செய்தது தவறு என்று அறிவித்துப் பழைய மதிப்பெண்ணையே கொடுத்தது. கல்வித் துறைத் தலைவர் பதவி இழந்தார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இந்தப் பரீட்சைக்கு இங்கே இருக்கும் மரியாதை. அதில் கீறல் விழுந்தால் தாங்கமாட்டார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் நடந்ததை உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். பயிற்சித்தாளில் ஒரு சின்னக் கதை. ஒரு பெரியவர் தினமும் கடைக்கு வந்து இரண்டு டீ சொல்வார். ஒன்றைக் குடிப்பார், மற்றது எதிர் நாற்காலிக்கு முன்னால் ஆறிக் கிடக்கும். கடைக்காரர் ஒரு டீக்கு மட்டும் காசு வாங்குவார். கேள்வி, கடைக்காரரைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது என்பது. பாப்பா சரியான விடையைச் சொல்லிவிட்டாள், அவருக்குப் பெரியவரின் துக்கம் புரிந்திருக்கிறது என்று. "விரலை வை" என்றேன். துக்கம் என்ற சொல் கதையில் எங்குமே இல்லை. விரலைத் தூக்கிக்கொண்டே பக்கம் முழுவதும் அலைந்தாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, இரண்டு விரல் வைக்கலாமா?" என்று கேட்டாள். இரண்டு டீ வந்த வரியில் ஒன்று, ஒரு டீக்குக் காசு வாங்கிய வரியில் ஒன்று. விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை அப்பா, அல்லது நான் அதற்குள் வகுப்பு மாறிப் போயிருப்பேன்.

ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு ஆங்கிலம். அன்று ஆயி சிவப்பு நிறத்தில் சீப்பாவ் என்ற சீனப் பாரம்பரிய உடை உடுத்தி வந்தார். உடையின் பெயரில் வரும் 'சீ' கொடியைக் குறிக்கும் அதே சொல் என்பதால், கொடி விரித்ததும் வெற்றி என்று நம்பிக்கை. பள்ளி வாசலில் சூரியகாந்திப் பூவோடு எத்தனை அம்மாக்கள்! ஹாரன் சத்தம் இல்லை. சாலையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் இரண்டு மணிநேரம் ஆயியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கை போலவே வேர்த்துப் போயிருந்தது, நான் பிளஸ் டூ எழுதிய அன்று.

வெளியே வந்ததும் பாப்பா ஒன்றும் சொல்லவில்லை, மற்ற பாடங்கள் பாக்கி. நேற்று இரவுதான் வாய் திறந்தாள். ஒரு பத்தியில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் முயலுக்கு அக்குபங்சர் ஊசி போடுகிறாராம். தாத்தாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது பத்தி எது தெரியுமா? காகிதத்தில் படித்தால் நன்றாகப் புரிகிறதா, திரையில் படித்தால் புரிகிறதா என்பது! பத்தியின் மையக் கருத்தைச் சொல்வது போன்ற எளிய வேலையைவிட, சொல்லாததை ஊகிக்கிற வேலையில்தான் காகிதம் அதிகம் கைகொடுக்கிறது என்று அதில் இருந்ததாம். "அங்கே இரண்டு விரல் வைத்தேன் அக்கா" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் போனில் வரவில்லை.

மதிப்பெண் இந்த மாதக் கடைசியில் வரும். வந்ததும் போன் செய்கிறேன்.

இன்று காலை ஆயி கொண்டுவந்த ட்சோங்ட்சி மேசையில் இருக்கிறது. ஒட்டரிசியும் பேரீச்சை போன்ற ஒரு சிவப்புப் பழமும் சேர்த்து, இலையில் முக்கோணமாகச் சுருட்டி நூல் கட்டி வேகவைத்தது. இலையைப் பிரித்தால் நம் வீட்டு இலைக்கொழுக்கட்டை வாசனை லேசாக வருகிறது, வெல்லம்தான் இல்லை.

ஒரு வேண்டுகோள். நீங்கள் போன வருடம் அனுப்பிய உறையின் மேல் ஆங்கிலத்தில் கூட்டெழுத்தில் முகவரி எழுதியிருந்தீர்கள் அல்லவா? பாப்பா அதை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. திருத்துபவர் கண்ணுக்கு உறுத்தக்கூடாது என்று இங்கே பிள்ளைகளை அச்சு போல உருட்டி உருட்டி எழுதப் பழக்குகிறார்கள். கையால் ஓடவிட்டு எழுதிய ஆங்கிலத்தை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அரைப் பக்கம் எழுதுங்கள் அப்பா. உங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றி, மழை பெய்தால் ஒழுகிய எட்டாம் வகுப்பைப் பற்றி, எதுவானாலும் சரி. கூட்டெழுத்திலேயே எழுதுங்கள். கீழே கேள்வி எதுவும் வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்