சிரெந்தெ ஊராருக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா மாகாணத்தில், பாண்டுங் பெருநகருக்கு மேற்கே, சிமாஹி நகரின் தென்கோடியில் மலையடிவாரத்தில் அமைந்த சிரெந்தெ என்னும் சிற்றூரைப் பற்றி நான் எழுதிவந்த ஊர் அறிமுகக் கட்டுரை இம்மாதம் நிறைவடைந்தது. பணி நிமித்தம் பாண்டுங்கில் தங்கியிருந்த காலத்தில் விடுமுறை கிடைத்த போதெல்லாம் அங்கே போய்வந்ததன் பயன் அது. அதில் சரியாக வந்திருப்பவை எல்லாம் பிறர் சொல்லித் தந்தவை. ஆகவே, அவர்களுக்குரிய நன்றியைப் பலரும் அறியச் சொல்லிவிட்டே கட்டுரையைக் கையைவிட்டு அனுப்ப விரும்புகிறேன்.

முதல் நன்றி, எனக்குச் சோறிட்ட மூதாட்டிக்கு. மேற்கு ஜாவா மக்களின் சுண்டா மொழியில் தாயை அழைக்கும் சொல்லால் ஊரார் அவரை ‘எமா’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் இட்ட சோறு அரிசிச் சோறு அன்று. சிரெந்தெயில் மரபு வழியைக் கைக்கொண்டிருக்கும் ஏறத்தாழ அறுபது குடும்பங்கள் அரிசியைத் தொடுவதில்லை. மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கும் ‘ராசி’தான் அவர்களுக்கு மூவேளை உணவு. அரிசியைக் குறிக்கும் ‘பெராஸ்’, மரவள்ளியைக் குறிக்கும் ‘சிங்கோங்’ ஆகிய இரு சொற்களின் சுருக்கமே ராசி. டச்சுக்காரர் ஆட்சியில் 1918-ஆம் ஆண்டளவில் தொடங்கிய இம்முயற்சி, 1924 முதல் இக்குடும்பங்களின் நிலையான வழக்கமாயிற்று.

எமாவின் அடுக்களையில் நான் கண்டதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பறித்து வந்த கிழங்கைத் தோலுரித்து, கழுவி, துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் இட்டுப் பிழிகிறார்கள். பிழிந்த நீரின் அடியில் வெள்ளையாகப் படியும் மாவைத் தனியே எடுத்து விற்பனைக்கு வைக்கிறார்கள். துணியில் தங்கும் சக்கையை வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து எடுத்தால் அதுதான் ராசி. கசப்பு வகைக் கிழங்கில் உள்ள நஞ்சு, துருவுவதிலும் பிழிவதிலும் காயவைப்பதிலும் நீங்கிவிடுகிறது. சமைக்கும்போது எமா அந்தப் பொடியை முறத்தில் பரப்பி, விரல்நுனியால் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் புரட்டுவார். நம் வீட்டில் புட்டுக்கு மாவு பிசிறுவது போலவே, கையில் பிடித்தால் பிடியாகவும் விட்டால் உதிரியாகவும் இருக்கும் பதம் பார்ப்பார். பிறகு ஆவியில் வைத்தால் சிறிது நேரத்திலேயே சோறு. எத்தனை நீர் தெளிப்பது என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல், என் கையைப் பிடித்து முறத்துக்குள் வைத்தார்.

நான் சேலம் மாவட்டத்து ஆத்தூரைச் சேர்ந்தவள். என் தந்தை சேகோ ஆலையில் வேலை பார்த்தவர். கிழங்கு மாவை ஜவ்வரிசிக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சும் சக்கையைத் திப்பி என்று சொல்லி மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தத் திப்பியைத்தான் இவ்வூரார் நூறு ஆண்டுகளாகத் தங்கள் சோறாக்கி உண்கிறார்கள் என்பது புரிந்த அன்று, எமாவின் முன் எனக்கு நெடுநேரம் பேச்சு எழவில்லை.

அடுத்து, என் பிழையைத் திருத்திய ஊர்ப் பெரியவருக்கு நன்றி. ‘அபா’ என்று மரியாதையாக அழைக்கப்படும் அவரிடம் என் முதல் வரைவை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டியபோது, வறுமையால் இம்மக்கள் அரிசியை இழந்தார்கள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் கையுயர்த்தி நிறுத்தினார். அரிசி வேறொருவர் கையில் இருக்கும்வரை வயிறும் அவர் கையில்தான் இருக்கும் என்பதை உணர்ந்து, தம் முன்னோர் தாமாகத் தேர்ந்த வழி இது என்று பொறுமையாக விளக்கினார். அவர் அப்போது சொன்ன சுண்டா முதுமொழியின் பொருள் இது: வயல் இல்லாவிட்டாலும் நெல் இருந்தால் போதும், நெல் இல்லாவிட்டாலும் அரிசி இருந்தால் போதும், அரிசி இல்லாவிட்டாலும் சோறாக்க முடிந்தால் போதும், சோறாக்காவிட்டாலும் உண்ண முடிந்தால் போதும், உண்ணாவிட்டாலும் உடலில் வலு இருந்தால் போதும். இந்த வழியை ஊரில் நிலைநாட்டிய ஓமா அஸ்னாமா என்னும் பெண்மணியை, உணவுத் துறையில் ஆற்றிய தொண்டுக்காக 1964-இல் சிமாஹி வட்டார நிர்வாகம் சிறப்பித்திருக்கிறது. அவரைப் பற்றிய செய்திகளையும் அபாவே எடுத்துச் சொன்னார்.

அவர் சொன்னதன் அழுத்தத்தை 2024-இன் தொடக்கத்தில் நேரில் கண்டேன். அரிசி விலை என்றும் இல்லாத அளவுக்கு ஏறி, மலிவு விலை அரிசிக்காக இந்தோனேசிய நகரங்களில் மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்த வாரங்கள் அவை. அப்போதும் எமாவின் வீட்டில் காலைச் சோறு வழக்கமான நேரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து மாறிமாறி நடுவதால் ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கிழங்கு கிடைக்கிறது. தோலைக்கூட மசாலா தடவி வறுத்து உண்கிறார்கள், இலை கறியாகிறது. மாவும் பலகாரங்களும் விற்பனைக்குப் போகின்றன.

காட்டுக்கு அழைத்துச் சென்ற இளைஞர்கள் இருவருக்கும் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். ஊராரின் காடு மூன்று வகை: யாரும் மரம் வெட்டக் கூடாத ‘லெவெங் லாராங்கான்’, தேவைக்கு எடுத்து மீண்டும் நட வேண்டிய ‘லெவெங் துத்துப்பான்’, பயிர் செய்வதற்கான ‘லெவெங் பாலாடாஹான்’. முதல் வகைக் காட்டுக்குள் செருப்பின்றித்தான் நடக்க வேண்டும். ஈர மண்ணில் என் கால் வழுக்கும் இடமெல்லாம் அவர்கள் முன்னே நின்று கை கொடுத்தார்கள். ஊர்ப் பெயரின் ‘சி’ நீரைக் குறிக்கும் என்றும் ‘ரெந்தெ’ ஒரு மருந்துச் செடி என்றும் சொல்லி, அந்தச் செடியைக் காட்டியவர்களும் அவர்களே.

சொல்லவும் கேட்கவும் கடினமான ஒன்றை என்னிடம் பகிர்ந்துகொண்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சிரெந்தெக்கு அருகே லெவிகஜா என்னும் இடத்தில் பெருநகரத்தின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலையாக உயர்ந்திருந்தது. 2005 பிப்ரவரி 21 அன்று, கனமழைக்குப் பின், ஊர் உறங்கும் நேரத்தில் அந்தக் குப்பைமலை சரிந்து அண்டைக் குடியிருப்புகளை மூடியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாளையே இந்தோனேசியா இன்று தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறது. உறவினரை இழந்த ஒரு தாய் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த இரவைப் பற்றி இரண்டு மணி நேரம் என்னிடம் பேசினார். தாம் சொன்னதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவர் வகுத்துத் தந்த எல்லையைக் கட்டுரையில் எங்கும் மீறவில்லை என்பதை இங்கே உறுதியாகக் கூறுகிறேன்.

சுண்டா மொழியிலிருந்து இந்தோனேசிய மொழிக்கு எனக்காக மாற்றிச் சொன்ன பாண்டுங் கல்லூரி மாணவி, ஒரு ரூபாயும் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். சமயம் பற்றிய பகுதியில் அவர் உதவி பெரிது. மரபுக் குடும்பத்தார் சுண்டா விவித்தான் என்னும் முன்னோர் நெறியைப் பின்பற்றுகிறவர்கள்; அடையாள அட்டையில் சமயத்துக்கான இடத்தில் தங்கள் நம்பிக்கையைக் குறிக்க வழியின்றி நெடுங்காலம் இருந்தவர்கள். இத்தகையோர் தங்கள் நம்பிக்கையை அட்டையில் பதிந்துகொள்ளலாம் என்று 2017 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பற்றிப் பேசுகையில் பெரியவர்கள் பயன்படுத்திய சொற்களின் நயத்தை அந்த மாணவி இல்லாமல் நான் பிடித்திருக்க முடியாது. அதே ஊரில் முஸ்லிம் குடும்பங்களும் அரிசி உண்டு பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்வதையும், விழாக்களில் ஒருவருக்கொருவர் உதவுவதையும் கட்டுரையில் விட்டுவிடக் கூடாது என்று நினைவூட்டியவரும் அவரே.

மழை நாள்களில் சிமாஹியிலிருந்து மேட்டுப் பாதையில் முகம் சுளிக்காமல் ஏற்றிச் சென்ற மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கும், வரைவைப் படித்துச் சொற்பிழை திருத்திய ஆத்தூர்த் தோழிக்கும் என் நன்றி.

கட்டுரையின் இந்தோனேசிய மொழிபெயர்ப்பு இப்போது அந்த மாணவியின் கையில் இருக்கிறது. ஊரார் ஒன்றுகூடும் பாலே சாரெசேஹான் மண்டபத்தில் அது படிக்கப்பட்டு, அவர்கள் சொல்லும் திருத்தங்கள் சேர்ந்த பிறகே தமிழ் வடிவமும் அச்சுக்குப் போகும். அவர்களின் மரபு நாள்காட்டியில் ஆண்டு பிறக்கும் சூரா மாதத்து விழாவுக்கு வரும்படி எமா சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் படியை அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஆத்தூரிலிருந்து உங்கள் மகள்