ஊர்ச் சேதி நேரத்தோடு வந்து சேர ஒலிபெருக்கியும் கரும்பலகையும் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் (கையெழுத்துத் தாள்கள் இணைப்பில்),
தென்பெண்ணை ஆற்றங்கரைப் பேரூராட்சி,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: அன்றாட அறிவிப்புகளும் வெள்ள எச்சரிக்கையும் ஒரே இடத்திலிருந்து, தேதி நேரத்துடன் எல்லாத் தெருக்களுக்கும் எட்ட, நிலையான ஒலிபெருக்கி, கரும்பலகை, பாலத் தூணில் நீர்மட்டக் கோடு ஆகியவற்றை ஐப்பசி மழைக்கு முன் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா/அம்மா, வணக்கம்.

எங்கள் ஊரில் சேதிக்குப் பஞ்சம் இல்லை. பேருந்து நிறுத்தத்து டீக்கடை, பால் சொசைட்டி, ரேஷன் கடை வரிசை ஆகிய மூன்றையும் தாண்டி ஒரு சாவோ கல்யாணமோ யாருக்கும் தெரியாமல் போனதில்லை. யார், எந்த வீடு, என்ன விஷயம் என்பதெல்லாம் வாய்வழியில் பிசகுவதே இல்லை. எப்போது என்பதுதான் பிசகும். "நாளைக்குக் கரண்டு இல்லையாம்" என்று திங்கட்கிழமை காலையில் கிளம்பும் பேச்சு, செவ்வாய் மாலையிலும் அதே "நாளைக்கு" என்ற சொல்லோடுதான் மேட்டுத்தெருவுக்குப் போய்ச் சேருகிறது. மின்தடை அதற்குள் வந்து போயிருக்கும். மறுநாள் விடியற்காலையில் எழுந்து தொட்டி நிரப்பி வைத்தவர்கள், மாவு மில்லை மூடிவிட்டுப் போனவர்கள் எல்லாம் ஏமாந்து நிற்பார்கள். இந்த மனு அந்த "எப்போது" பற்றியது.

அதிகாரபூர்வ அறிவிப்பு இப்போது மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, நிறுத்தத்துச் சுவரில் ஒட்டும் தாள். மைதா பசையில் ஒட்டுவதால் அதை முதலில் படித்து முடிப்பது மாடுதான். மாடு விட்டுவைத்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலியோ மஞ்சள் நீராட்டு விழாவோ ஏறிவிடும். இரண்டாவது வழி வாட்ஸ்அப். அதில் வரும் படத்தில் தேதி இருப்பதில்லை, இருந்தாலும் யாரோ வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி என்பதால், அங்கே விட்ட மழை விடுமுறை பாலத்தைத் தாண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிடும். பிள்ளைகளுக்கு அதைச் சரிபார்க்கும் ஆர்வமும் இராது. மின்தடை அறிவிப்பிலோ பத்து ஊர்ப் பெயர்களுக்குப் பிறகு "மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்" என்று முடித்துவிடுகிறார்கள். நாங்கள் எப்போதும் அந்த "சுற்றியுள்ள" பட்டியலில்தான் இருக்கிறோம்.

மூன்றாவது வழி மைக் கட்டிய ஆட்டோ. தண்டோரா போடுவதை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதும், அதற்குப் பதில் வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்றதும் முற்றிலும் சரி. ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அலையவிடும் வழக்கம் திரும்பி வர வேண்டாம். ஆனால் தண்டோரா நடந்து வந்தது, ஆட்டோ ஓடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 7 மீட்டர். ஒரு வீட்டு வாசலில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் நாற்பது நாற்பது மீட்டர் தூரம்தான் பேச்சு தெளிவாக விளங்கும். அந்த 80 மீட்டரை ஆட்டோ சுமார் 12 நொடியில் கடந்துவிடும். பதிவிலோ "பேரூராட்சிக்கு உட்பட்ட அன்பார்ந்த பொதுமக்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்" என்பதற்கும், தலைவர்கள், உறுப்பினர்கள் பெயர்களுக்குமே 15 நொடி ஆகிறது. விஷயம் வரும்போது வண்டி அடுத்த தெருவில் இருக்கும். ஆகவே பாதி வீடுகளுக்கு வணக்கம் மட்டும் கிடைக்கிறது, மீதிக்கு "தவறாமல் பயன்படுத்திக்கொள்ளுமாறு" என்ற வால் மட்டும் கிடைக்கிறது. எதைப் பயன்படுத்திக்கொள்ள என்று டீக்கடையில் வந்து கேட்கிறார்கள். ஆட்டோ தொடரும் வரை நடை வேகத்தில் (மணிக்கு 5 கிலோமீட்டர்) போகச் சொன்னாலே, வாசலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைத்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. நாளைக்கே செய்யலாம்.

பாமாயில் வந்ததைத் தெரிந்துகொள்ள இத்தனை ஏற்பாடா என்று அலுவலர்களுக்குத் தோன்றலாம். 2024 டிசம்பர் 2 அதிகாலை எங்கள் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. அந்தக் கணக்கு செல்போனில் வந்தாலும், அது தம் திண்ணையில் எத்தனை அடி என்று ஆற்றங்கரைத் தெருவில் எவராலும் சொல்லிவிட முடியாது. நள்ளிரவில் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், வயதானவர்களிடம் போனே இராது. அப்போது தூங்குபவரை எழுப்ப ஒரு குரல் வேண்டும். எங்களுக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, புதுச்சேரி நல்லவாடு கடற்கரைக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசிச் சேதி வந்தது. ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் கூவி மக்களை வெளியேற்றினார்கள். அலையில் வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்கென்று வைத்ததல்ல. அன்றாடத் தகவல் சொல்ல வைத்தது என்பதால்தான் அன்றைக்கும் அது வேலை செய்தது. வெள்ளத்துக்கு மட்டும் என்று ஒரு சைரன் வைத்தால் ஆண்டில் 364 நாள் தூங்கிவிட்டு 365ஆம் நாள் ஊமையாக நிற்கும். ரேஷனும் மின்தடையும் தினம் பேசும் பெட்டி என்றால், பழுதான அன்றே "என்ன, இன்னிக்கு மைக் வரலை" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதைவிட நல்ல பராமரிப்பு இல்லை. கதவை உடைக்க வேண்டியிருந்ததே, அதையும் மறக்கக் கூடாது. சாவி பற்றிக் கீழே தனியாகக் கேட்டிருக்கிறோம்.

ஒலிபெருக்கி எப்படி வேண்டும் என்பதை, மைக்செட் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டே எழுதுகிறோம். கூம்பு வடிவக் குழாய் வேண்டாம். அதற்குத் தடை இருப்பது தெரியும், குளவி கூடு கட்டினால் ஒரே வாரத்தில் குரல் அடைத்தும் போகும். நீளப் பெட்டி வகை போதும். பேருந்து நிறுத்தம், ஆற்றங்கரைத் தெரு, காலனி, சந்தைத்திடல் என நான்கு இடங்களில் 40 வாட் பெட்டி ஒவ்வொன்று வைத்தால் மொத்தம் 160 வாட். ஆம்ப்ளிஃபையர் 250 வாட் இருந்தால் திணறாது. பெட்டிகளைக் கட்டாயம் 100 வோல்ட் லைனில்தான் (மின்னழுத்தத்தை உயர்த்திக் கம்பியில் அனுப்பி, பெட்டியில் குறைத்துக்கொள்ளும் முறை) மாட்ட வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுவதுபோல 4 ஓமில் நேராக மாட்டினால், 500 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை போக வரச் சுமார் 11 ஓம் ஆகிறது. சக்தியில் முக்கால் பங்கு கம்பியிலேயே சூடாகப் போய்விடும். கடைசிப் பெட்டி முனகும். 100 வோல்ட் லைனில் அதே கம்பிக்கு இழப்பு மிகச் சொற்பம்.

கம்பியை மின்வாரியக் கம்பத்தில் கட்ட வேண்டாம். காற்றில் அறுந்து மேலே விழுந்தால் ஆபத்து. தனியாக இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், தரைக்கு மேல் 15 அடி நட்டால் போதும். பெட்டிக்குள் கம்பி நுழையும் இடத்தில், கம்பியைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி நுழைக்க வேண்டும். நேராகச் செருகினால் மழைநீர் கம்பி வழியே உள்ளே இறங்கி முதல் மழையிலேயே கூழாக்கிவிடும். இன்னொன்று: வெள்ளம் வரும் மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும், சத்தம் காற்றோடுதான் போகும். ஆகவே ஆற்றங்கரைத் தெருவின் பெட்டியைத் தெருவின் வடகிழக்கு முனையில், தென்மேற்கு பார்த்து வைக்க வேண்டும். எதிர் முனையில் வைத்தால் வாடைக்காற்று பேச்சைத் திருப்பி அடித்துவிடும்.

புயல் அன்று மின்சாரம் இருக்காது. 24 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் ஆம்ப்ளிஃபையர் வாங்கி, 12 வோல்ட் பேட்டரி இரண்டு வைக்க வேண்டும். அவற்றை மாடியில் வைக்கவும். தரைத்தளத்தில் வைத்தால் தண்ணீர் வந்ததும் முதலில் முழுகுவது பேட்டரிதான். மாதத்தில் ஒரு நாள் மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியிலேயே அன்றைய அறிவிப்பைப் படித்தால், அது உயிரோடிருக்கிறதா என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சொல்லும் முறை பற்றியும் ஒரு வேண்டுகோள். வணக்கம் கடைசியில் இருக்கட்டும். முதலில் தெரு, பிறகு விஷயம், பிறகு கிழமையும் தேதியும் நேரமும், பிறகு செய்ய வேண்டியது. "நாளை" என்ற சொல்லே வேண்டாம். மாதிரிக்கு: "ஆற்றங்கரைத் தெரு, காலனி. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. இன்று செவ்வாய் இரவு 10 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவும். மாடு கன்றுகளைக் கட்டுத்தறியில் விட்டுப் போகாதீர்கள், அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும். உதவிக்கு 1077." இருபது நொடியில் முடியும், இரண்டு தடவை படிக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதியில் பொது அவசரநிலைக்கு விலக்கு இருப்பதால், நள்ளிரவு எச்சரிக்கைக்குச் சட்டத் தடை இல்லை. அன்றாட அறிவிப்புக்கு மாலை 6.30 மணி சரியாக இருக்கும். காலையில் சொன்னால் கோமாரித் தடுப்பூசி முகாம் போன்றவை வீணாகின்றன. எட்டு மணிக்கெல்லாம் மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விடும், மருத்துவர் வெறும் கட்டுத்தறிக்கு ஊசி போட முடியாது.

கரும்பலகைக்குப் பெரிய செலவில்லை. 6 அடிக்கு 4 அடி, சுவரில் சிமெண்ட் பூசிக் கறுப்பு பெயிண்ட் அடித்தது. பிளைவுட் வேண்டாம், ஒரு மழைக்கு உப்பிவிடும். தெற்குப் பார்த்த சுவராக இருந்தால் ஐப்பசிச் சாரல் அடிக்காது, மேலே ஒன்றரை அடி தகரம் நீட்டிவிடலாம். இடது மூலையில் எழுதிய தேதியும் எழுதியவர் கையெழுத்தும் கட்டாயம். தேதி இல்லாவிட்டால் அதுவும் வாட்ஸ்அப் ஆகிவிடும். ரேஷனில் எந்தப் பொருள் எத்தனை அட்டைக்கு வந்திருக்கிறது, எந்தத் தெருக்களுக்கு மின்தடை, குடிநீர் நேரம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை நேற்று என்ன விலை, இவ்வளவு போதும். சாவுச் சேதி வேண்டாம், அதற்கு எங்கள் வாயே போதும்.

பாலத் தூணில் அடிக்கு ஒரு கோடு வெள்ளை பெயிண்டில் போட்டு, எந்தக் கோட்டைத் தொட்டால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். பொறியாளர் வரும்போது ஆற்றங்கரைத் தெருப் பெரியவர்களையும் கூட வைத்துக்கொண்டால், எந்தப் படிக்கட்டில் எப்போது தண்ணீர் ஏறியது என்று கை வைத்துக் காட்டுவார்கள்.

சாவி மூன்று வேண்டும். ஒன்று அலுவலகத்தில், ஒன்று குடிநீர்த் தொட்டி இயக்குபவரிடம், ஒன்று இரவு முழுதும் திறந்திருக்கும் நிறுத்தத்து டீக்கடையில். அறையைத் திறந்தவர் பெயர், நேரம், படித்த வாசகம் ஆகியவற்றை எழுத ஒரு நோட்டு இருந்தால், கண்டவர் கண்டதைப் பேசிவிடுவார்களோ என்ற அச்சம் தேவைப்படாது.

நிதி போதாவிட்டால் "நமக்கு நாமே" திட்டத்தில் பொதுமக்கள் பங்கைத் திரட்டிக் கட்டத் தயாராக உள்ளோம். பைப் நடுவதற்கும் கம்பி இழுப்பதற்கும் ஊரில் ஆட்கள் உண்டு. மதிப்பீடு தயாரிக்கப் பொறியாளரை இந்த மாதத்துக்குள் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அவர் வரும் தேதியை ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் எல்லாத் தெருக்காரர்களும் இருப்பார்கள். இப்போதைக்கு டீக்கடையில் சொல்லிவிட்டால் போதும், ஆனால் தேதியைத் தாளில் எழுதிக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இடம்: கடலூர், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், பெட்டிகள் வைக்க வேண்டிய நான்கு இடங்களும் காற்றுத் திசையும் குறித்த தெரு வரைபடம்.

நகல்: செயல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம்.