பர்கர் வாங்கினால் கேம்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பழைய எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டி ஒன்று (முதல் தலைமுறை) உன் கைக்கு வந்திருப்பதில் எனக்கும் சந்தோஷம். பர்கர் கிங் உணவகம் விற்ற கேம் டிஸ்குகளை வாங்கலாமா, வெறும் விளம்பரக் குப்பைதானா என்று கேட்டிருந்தாய். மூன்றையும் வாங்கு. ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்னீக் கிங்.

2006 நவம்பர் 19 முதல் டிசம்பர் 24 வரை நடந்த விற்பனை அது. அமெரிக்காவில் வேல்யூ மீல் எனப்படும் உணவுத் தொகுப்பை வாங்கியவர் கூடுதலாக 3.99 டாலர் கொடுத்தால் ஒரு டிஸ்க் கிடைத்தது. ஸ்னீக் கிங், பாக்கெட்பைக் ரேசர், பிக் பம்பின் என்று மூன்று கேம்கள். அன்றைக்கு, முதல் எக்ஸ்பாக்ஸுக்கு அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்கான ஒரு புது கேமின் வழக்கமான விலை 59.99 டாலர். பர்கர் கடையில் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்ததற்கு இந்த விலை வித்தியாசமே பாதிக் காரணம். செய்து கொடுத்தது இங்கிலாந்தின் பிளிட்ஸ் கேம்ஸ். ஆலிவர் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், 2013-ல் மூடிவிட்டார்கள்.

இந்த டிஸ்குகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே டிஸ்கில் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான கேமும் 360-க்கான கேமும் தனித்தனியாக இருக்கின்றன. 360-ல் போட்டால் பழைய கேமை எமுலேஷனில் (பழைய பெட்டியைப் போல நடித்து) ஓட்டுவதில்லை, தனக்கென்று செய்ததையே ஓட்டும். 360 வெளிவந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, பெரும்பாலான வீடுகளில் பழைய பெட்டிதான். பர்கர் வாங்க வரிசையில் நிற்பவரிடம் "உங்கள் வீட்டில் எது?" என்று விசாரித்து டிஸ்க் கொடுக்கும் வேலை இதனால் இல்லாமல் போனது. உனக்கும் இது வசதி. இப்போது பழைய பெட்டியில் ஆடு; பிறகு 360 கிடைத்தால் அதே டிஸ்கைப் போடலாம், அச்சீவ்மென்ட் என்ற சாதனைப் புள்ளிகளும் சேரும். பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் பெட்டிகள் இரண்டிலும் ஓடாது. அவை ஏற்கும் பழைய கேம்களின் பட்டியலில் இந்த மூன்றுமே இல்லை.

ஸ்னீக் கிங்கை ஏன் முதலில் சொன்னேன்? பசியால் தள்ளாடி நடப்பவரின் பின்னால், பர்கர் கிங்கின் விளம்பரப் பாத்திரமான ராஜா ஓசையில்லாமல் போக வேண்டும், அவர் மயங்கி விழுவதற்குள் உணவை நீட்ட வேண்டும். அவர் பார்வை எட்டும் பரப்பு தரையில் தெரியும். அதற்குள் கால் வைத்தால் கெட்டது. குப்பைத் தொட்டியில், இலைக் குவியலில் பதுங்கிக் காத்திருக்கலாம். நான்கு இடங்கள், இடத்துக்கு இருபது பணிகள். கடைசிப் பணிகளில் அலுப்புத் தட்டும், உண்மை. ஆனால் கிறிஸ்பின் போர்ட்டர் + போகஸ்கி விளம்பர நிறுவனம் உருவாக்கிய அந்த முகமூடி ராஜா, டிவி விளம்பரங்களிலும் இதையேதான் செய்தார்: எதிர்பாராத இடத்தில் பேசாமல் வந்து நின்று உணவு நீட்டுவார். விளம்பரத்தில் அவர் செய்வதை எடுத்து, கேமில் நீ செய்யும் வேலையாக ஆக்கிவிட்டார்கள். ராஜாவை நீக்கினால் கேமே நிற்காது.

1990-ல் டோமினோஸ் பீட்சாவுக்காக, அதன் விளம்பரப் பாத்திரமான நாய்டை வைத்து வந்த யோ! நாய்ட் கேம் இதற்கு நேர்மாறு. கேப்காம் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்டிருந்த ஒரு நின்ஜா கேமை எடுத்து, நாயகனுக்குப் பதில் நாய்டைப் பொருத்தி, எதிரித் தலைவர்களோடு நடக்கும் சீட்டுச் சண்டையைப் பீட்சா தின்னும் போட்டியாக மாற்றிவிட்டார்கள். விளையாட மோசமில்லை. ஆனால் நாய்ட் இல்லாமலும் அது அதே கேம்தான். விளம்பர கேம்களைத் தரம் பிரிக்க எனக்கு இந்த ஒரு சோதனை போதும்.

இனி டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. விளக்குக்கு நேரே சாய்த்துப் பார். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல்தான் ஆபத்து. அது அடுத்தடுத்து வரும் தரவை நீளமாக அழித்துவிடுவதால் பெட்டி விட்டுப்போன தரவைத் தானே சரிசெய்யும் பிழைதிருத்தத்துக்குப் பிடி கிடைக்காது. டிஸ்க் சுழலும்போது 360 பெட்டியை அசைத்தாலோ சாய்த்தாலோ இந்த வளையம் விழும். ஆகவே 360 வைத்திருந்தவர் விற்கும் டிஸ்கை இன்னும் கவனமாகப் பார். கீறலில் நகம் மாட்டினால் வாங்காதே. துடைக்கும்போதும் மையத்திலிருந்து வெளிநோக்கியே துடை, வட்டமாகத் தேய்க்காதே.

டிஸ்கைவிட எனக்குக் கவலை உன் பெட்டியைப் பற்றித்தான். முதல் எக்ஸ்பாக்ஸின் மதர்போர்டில், கடிகாரத்துக்காக 1 ஃபாரட், 2.5 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். 1.0 முதல் 1.5 வரையான பதிப்புப் போர்டுகளில் அது கசியும். கசிந்த திரவம் பக்கத்திலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பிறகு பெட்டி தானாகவே ஆன் ஆகும், அல்லது ஆகவே ஆகாது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அடியில் ஆறு டி20 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலையுள்ள) ஸ்க்ரூக்களைக் கழற்று. நான்கு ரப்பர் கால்களுக்கு அடியிலும் இரண்டு ஸ்டிக்கர்களுக்கு அடியிலும் இருக்கும். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் மெதுவாக உரி. உள்ளே டிவிடி டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் பிடித்திருக்கும் மூன்று டி10 ஸ்க்ரூக்கள். அவற்றை எடுத்தால் போர்டு தெரியும். பவர் சப்ளை பக்கம் மட்டும் கை வைக்காதே, கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

அந்தக் கசியும் கெபாசிட்டரைப் போர்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு, 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல்துலக்கியில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடு. புதிதாக எதையும் பொருத்தத் தேவையில்லை. மின்கம்பியைப் பிடுங்கும்போதெல்லாம் பெட்டி நேரத்தை மறக்கும், அவ்வளவே நஷ்டம். சேமித்த ஆட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது. 1.6 போர்டில் இருப்பது வேறு வகைக் கெபாசிட்டர், அதைத் தொடாதே.

மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீல் என்ற குழந்தைகள் உணவோடு கொடுத்த, சேகா நிறுவனத்தின் எல்சிடி திரை கேம் பொம்மைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். திரையில் சில உருவங்கள் மட்டும் தெரியவில்லை என்றால் திரைக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள மின்கடத்தும் ரப்பர் பட்டை நகர்ந்திருக்கலாம். ஆல்கஹாலில் துடைத்து நேராக வைத்து, ஸ்க்ரூக்களைச் சமமாக முடுக்கு. உள்ளே பேட்டரியை வைத்தே விற்கிறார்கள் என்றால் கசிவைப் பார்க்காமல் வாங்காதே.

கையில் பிடிக்க எதுவும் இல்லாத விளம்பர கேம்கள்தான் பாவம். உணவு நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்து வைத்தவை 2020 முடிவில் ஃபிளாஷோடு சேர்ந்து நின்றன. ஆர்வலர்கள் எடுத்துவைத்தவை மட்டும் மிஞ்சின. அந்தக் காலத்திலேயே தப்பித்த ஒன்று Chex Quest. ஃபாஸ்ட் ஃபுட் இல்லை, 1996-ல் Chex என்ற காலையுணவுத் தானியப் பெட்டிக்குள் சிடியாக வந்தது. டூம் என்ற பழைய சுடும் கேமின் என்ஜினில் செய்ததால், டூம் கேம்களை ஓட்டும் சாக்லேட் டூம் என்ற மென்பொருளில் இன்றும் ஓடுகிறது. சிடியிலுள்ள chex.wad கோப்போடு chex.deh கோப்பையும் ஒரே இடத்தில் வை. இரண்டாவது இல்லாவிட்டால் ஓடாது.

பிக் பம்பினைத் தனியாக ஆடிப் பார்த்து முடிவு கட்டிவிடாதே. மோதல் கார் ஆட்டம் அது, நாலு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார வேண்டும். நாலு கன்ட்ரோலரையும் சேர்த்துத் தேடு. பெட்டியைத் திறந்ததும் போர்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. எந்தப் பதிப்பு என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கெபாசிட்டரில் கை வைக்காதே.

அன்புடன்,
முருகேசன்