டீச்சருக்காக நீதான் பேச வேணும்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. டீச்சரின் சேவைநலன் பாராட்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் உன்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள், நினைத்தாலே நித்திரை வருகுதில்லை, வேறு யாரிடமாவது தள்ளிவிடவா என்று கேட்டிருக்கிறாய். தள்ளிவிடாதே. திருக்கோவிலில் அவவைப்பற்றிப் பேச உன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் அல்லவா, இந்த முறை ஆரையம்பதியில் என்னையும் மேடை ஏற்றினார்கள். கிளினிக்கில் நாள் முழுக்கத் தாய்மாரோடு கதைக்கிறவள்தான் நான், ஆனால் மண்டபம் நிறையக் கதிரையைப் போட்டு முன்னால் ஒலிவாங்கியையும் வைத்தால் அது வேறு சங்கதி. விரல் நுனியெல்லாம் குளிர்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அட்ரினலின் ஏறினால் அப்படித்தான் சாந்தி, நெஞ்சு வேகமாக அடிக்கும், எச்சில் வற்றும், கைக்குப் போகிற இரத்தம் குறையும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். அதோடு மல்லுக்கட்டாதே. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டு, படபடப்பு கொஞ்சம் இறங்கும். ஒற்றைத் தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் சபைக்கே தெரியும், அதனால் தடித்த அட்டையில் பெரிய எழுத்தில் குறிப்பு எழுதிக்கொள். முதல் இரண்டு வசனத்தை மட்டும் மனப்பாடம் பண்ணு, மற்றதெல்லாம் வேண்டாம்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது மாமிதான். அவ குசினியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம் என்ற இடத்தில் அவ கையை நிறுத்திவிட்டு, “இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கு நா வறளாதா புள்ள?” என்று கேட்டா. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு அளவில் தண்ணீர்தான் மாமி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அதை முதல்ல சொல்லு” என்றா. மறுகா என்ன, அந்தக் கேள்வியையே தொடக்கமாக வைத்தேன். மேடையில் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பெத்தாச்சி தலையை ஆட்டினா, அவவைப் பார்த்தே பேசத் தொடங்கினேன். நடுக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் அந்த மனிசிக்குப் பதில் சொல்ல வேண்டுமென்ற அவசரத்தில் அதைக் கவனிக்க நேரமில்லை.

நீ அனுப்பிய பிரதியை வாசித்தேன். “பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய” என்று தொடங்கித் தலைவர், அதிதிகள், அதிபர் எல்லோரையும் விளித்து முடிக்கவே அரைப்பக்கம் போகிறது. வாய் உலர்ந்திருக்கிற நேரத்தில் அந்தப் பட்டியல் பெரிய தண்டனை. “சபையோருக்கு வணக்கம்” போதும், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். அப்புறம் “கல்விச் சுடர்”, “தியாகத் தீபம்” எல்லாவற்றையும் எடுத்துவிடு. அதை எந்த டீச்சருக்கும் சொல்லலாம். சுனாமிக்குப் பிறகு கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்ததே, எங்களிடம் ஒரு கொப்பிகூட இல்லாத நேரம் அவ பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்துக் கொண்டுவந்து தந்தாவே, அதைச் சொல்லு. உன்னுடையதில் சிவப்பு நூல். அதை நீ பத்திரமாக வைத்திருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். கையில் எடுத்துக்கொண்டு போ. நீ வீட்டில் கதைக்கிற மாதிரியே, ஆறுதலாகச் சொல்லு. பயத்தில் எல்லோருக்கும் பேச்சு ஓடத்தான் பார்க்கும், அதனால் ஒவ்வொரு விசயம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. இடையில் அழுகை வந்தால் நிறுத்து, தண்ணீர் குடி, பிறகு தொடங்கு. டீச்சர் பார்த்துக்கொண்டிருப்பா, அவசரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். திருத்தி எழுதியதை ஃபோனில் எனக்குப் பேசிக் காட்டு, மாமியையும் கேட்கச் சொல்கிறேன். விழாவுக்கு லீவு போட்டாயிற்று, விடிய முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை பிடித்து வை.

அன்புடன்,
வசந்தி